தங்க ரத்தம்

பொன்னாடை குளிருக்கு ஆகாது என்பது ஷம்ஷாத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு போர்வைக்கு மேல் அதையும் போட்டு அமுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே ஆறு வயசு மகள் தஸ்னீமின் பல் தந்தியடிக்கும் சத்தம் நிற்கவில்லை.

அவள் புருஷன் பக்ருதீனுக்குப் போட்ட பொன்னாடை அது. தண்டையார்பேட்டைக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். மலேரியா பலமுறை வந்து போனதில், கிருமி உள்ளே இருந்தாலும் காய்ச்சல் வராத உடம்பாகிவிட்டது. கிருமியின் மேல் எத்தனையோ புரதங்களாம். எதைப் பார்த்ததும் உடம்பு சண்டைக்கு எழும்புகிறது என்று அவன் ரத்தம் காட்டிக்கொடுத்தால் தடுப்பூசி செய்யலாமாம். ஆராய்ச்சி இயக்குநர் மேடையேறி, தடுப்பூசியே கையில் வந்துவிட்ட மாதிரி பேசி, ‘தண்டையார்பேட்டையின் தங்க ரத்தம்’ என்று முடித்தார். அன்றிலிருந்து அந்தத் தங்கம் டீக்கடையில் கால்மேல் கால் போட்டுத்தான் உட்காரும்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. பயமா கீது.”

“இன்னாத்துக்கு? அவ ஒடம்புல ஓடுறது யார் ரத்தம்? நேத்து பாத்தல்ல, பாண்டி ஆடிகினு இருந்தா. உள்ள ஃபைட்டு நடக்குது. இன்னிக்கு ஒதறும், நாளைக்கு ஜெயிச்சிரும்.”

முந்தாநாளும் இப்படித்தான் உதறி, நேற்று ஜெயித்தாள். ஒவ்வொரு வெற்றிக்கும் பிள்ளையின் உதடு இன்னும் கொஞ்சம் வெளுத்தது. ஷம்ஷாத், ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுத்த டாக்டர் ஜெயஸ்ரீக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஒருநாள் விட்டு ஒருநாளா? மலேரியாவா இருக்கலாம். உடனே டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வாங்க.”

“என் ரத்தம் மேடம் அது,” என்றான் பக்ருதீன்.

“அந்தத் தெம்பு நீங்க காய்ச்சல்ல படுத்துப் படுத்து சம்பாதிச்சது. புள்ளைக்கு வராது. ஆனா உங்களக் கடிச்ச கொசு அவளக் கடிச்சா கிருமி வரும். அதுக்குத்தானே மாத்திரை குடுத்தோம். முழுசா சாப்ட்டீங்கல்ல?”

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷம்ஷாத் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னா பண்ண மாத்திரைய?”

“கிருமி செத்துட்டா,” என்றான் மெதுவாக, “நம்ம ரத்தத்துக்கு இன்னாடி மவுசு?”

அவள் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஓடி, ஆஸ்பத்திரி பெஞ்சுக்கு வந்து சேர்ந்தவன் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். உள்ளே யாரோ தஸ்னீமின் விரலைக் குத்த, அவள் “அத்தா” என்று வீறிட்டாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. முன்கையில் ஒரு கொசு வயிறு உப்ப உட்கார்ந்திருந்தது. அடித்தான். உள்ளங்கையில் ஒரு சொட்டு. துடைக்காமல், விரல்களை விரித்தபடியே, கையைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான்.