பால்மாவுக் கரண்டி

ஒரு பழைய டயர்க் கடையின் பின்னறையில் அந்த உணவு வங்கி நடந்தது. கையில் காசில்லாத நூற்று முப்பது வீடுகளுக்குப் புதன்கிழமை தோறும் ஒரு பை. அதை நடத்துகிறவளை எல்லோரும் அளவக்கா என்பார்கள். ஒரு கிடங்கில் இருபத்திரண்டு ஆண்டு இருப்புக் கணக்குப் பார்த்தவள்.

அவளுடைய அலமாரிகள் சுவரை ஒட்டி நிற்காது. பின்னால் ஓர் ஆள் நடக்க இடம் விட்டிருப்பாள். புதுச் சரக்கைப் பின்பக்கமிருந்து தள்ளினால் பழையது தானாக முன்னால் வந்து நிற்கும். அங்கிருந்து எடுத்துக் கொடுத்தால் எதுவும் மூலையில் கிடந்து கெடாது. டின்னின் நடுவில் நசுங்கல் இருந்தால் பாதகமில்லை. மூடியின் விளிம்பில் இருந்தால் குப்பைக்கு. உப்பியிருந்தால் திறக்கவே கூடாது.

பால்மாவுதான் சிக்கல். வாரத்துக்கு நாலு டின் நன்கொடை வரும். கைக்குழந்தை உள்ள வீடுகளோ ஒன்பது. நாலு பேருக்குக் கொடுத்து ஐந்து பேரைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. டின்களைத் திறந்து, தராசில் நிறுத்து, நானூறு கிராமாக ஒன்பது பொட்டலம் கட்டினாள். டின்னில் போட்டிருந்த முறையைப் பார்த்து எழுதி ஒட்டினாள்: அறுபது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. ஒரு டின்னுக்குள் ஒரு கரண்டிதானே இருக்கும்? அதற்கும் வழி கண்டிருந்தாள். காலி டின்களின் கரண்டிகளையெல்லாம் கொதிநீரில் கழுவி ஒரு ஜாடியில் சேர்த்து வைத்திருந்தாள். வீட்டுக்கு ஒன்று கொடுத்தாள். அந்த ஏற்பாட்டில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அண்ணி, தராசுக்கும் ஒருநாள் லீவு குடுங்க, பாவம் அது," என்பான் வேன் ஓட்டும் கொழுந்தன்.

அன்றைய புதன்கிழமை வரிசையை விலக்கிக்கொண்டு, பால்மாவு வாங்கும் ஒன்பது பேரில் ஒருத்தியான தையல்காரி வந்தாள். தனியாக வந்தாள். மூன்று மாதக் குழந்தை தோளில் இல்லை.

"அக்கா, பை வேணாம். ஒரு கடுதாசி மட்டும் எழுதிக் குடுங்க."

"புள்ள எங்கடி?"

"ஆஸ்பத்திரில. திங்கக்கிழமை வலிப்பு வந்துருச்சு." அவள் குரலில் அழுகை இல்லை, அதெல்லாம் முடிந்துபோயிருந்தது. "ரத்தத்துல உப்பே இல்லையாம். நான் மாவை மிச்சம் புடிக்கத் தண்ணிய ஊத்தி ஊத்திக் குடுத்தேனாம். குழந்தைங்க நல அதிகாரி வந்து உக்காந்திருக்காங்க. புள்ளைய காப்பகத்துக்கு எடுத்துட்டுப் போறாங்களாம்."

அளவக்காவுக்கு ஆத்திரம் வந்தது. "அவங்க கிடக்கறாங்க. முழு அளவு குடுத்தோம்னு நானே எழுதித் தரேன். நீ எப்படிக் கலக்குவ? சொல்லு."

"நீங்க எழுதின மாதிரிதான். அறுபதுக்கு ஒரு கரண்டி, தலை தட்டி. வேற எதுவும் குடுக்கல. எனக்குத்தான் பால் வத்திப்போச்சே. உங்க பொட்டலம் சரியா ஒரு வாரம் வந்துச்சுக்கா."

பேனா நின்றது.

சரியாக ஒரு வாரம் வந்திருக்கக் கூடாது. அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு நூற்றிருபது கிராமாவது வேண்டும். நானூறு கிராம் மூன்றரை நாள் தாங்காது. மீதி நாளுக்கு அம்மாக்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"கரண்டிய வெச்சிருக்கியா?"

தையல்காரி பையிலிருந்து எடுத்துத் தந்தாள். அளவக்கா அதில் மாவை அள்ளித் தலை தட்டித் தராசில் கொட்டினாள். நாலரை கிராம். திறந்திருந்த டின்னிலிருந்த கரண்டியால் அள்ளினாள். ஒன்பது.

அப்போதுதான் பிடிபட்டது. ஒரு கம்பெனி முப்பது மில்லிக்கு ஒரு சின்னக் கரண்டி வைக்கிறது. இன்னொன்று அறுபதுக்கு ஒரு பெரிய கரண்டி. அந்தந்த டின்னோடு சேர்ந்திருக்கும்வரை இரண்டும் சரிதான். அவள் ஜாடியில் இரண்டும் கலந்து கிடந்தன. ஆறு வாரமாக அந்தக் குழந்தை குடித்தது பாதிப் பால், பாதி வெறும் தண்ணீர். அப்படிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், மூளை வீங்கும்.

"தப்பு உன்னோடது இல்லடி," என்றாள். "என்னோடது."

இரண்டு கரண்டியையும் தையல்காரியின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

பெரிய கரண்டிகளில் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கொழுந்தன் கையில் வைத்தாள். "மத்த எட்டு வீட்டுக்கும் போ. அவங்க கிட்ட இருக்கிறது இதைவிடச் சின்னதா இருந்தா வாங்கிட்டு இதைக் குடு. பத்தலன்னா ரெண்டு கரண்டி போடச் சொல்லு. புள்ளைய உடனே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு. ஓடு."

அவன் அவளை அலமாரிக்குப் பின்னால் இழுத்தான். "போறேன் அண்ணி. ஆனா ஆஸ்பத்திரில இதச் சொல்லாதீங்க. டின்னப் பிரிச்சுக் கட்டினதே சட்டப்படி தப்பு. இன்னைக்கே சீல் வெச்சிருவாங்க. நூத்தி முப்பது வீடு!"

"அவ புள்ளைய தூக்கிட்டுப் போயிருவாங்கடா."

"ஒரு வீட்டுக்காக…"

"அந்த ஒரு வீட்ட நான்தான் கெடுத்தேன். வெளிய நிக்கறவங்களுக்கு இருக்கிறதையெல்லாம் அள்ளிக் குடு. அப்புறம் கதவச் சாத்து. முதல்ல கரண்டி."

ஆஸ்பத்திரியில் அவள் சின்னத் தராசை அதிகாரியின் மேசையில் வைத்து, இரண்டு கரண்டி மாவையும் நிறுத்துக் காட்டினாள். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு தையல்காரியைப் பார்த்து, "குழந்தை உங்ககிட்டயே இருக்கலாம்மா," என்றார். அளவக்காவிடம், "உங்க அறைச் சாவி?" என்றார். மாலைக்குள் கதவில் அரக்கு முத்திரை விழுந்தது. மற்ற எட்டு வீடுகளில் இரண்டில் அதே சின்னக் கரண்டி இருந்ததாகக் கொழுந்தன் வந்து சொன்னான்.

வார்டில் குழந்தை மூக்கில் குழாயோடு தூங்கியது. மூளை பழையபடி தேறுமா என்பது வளர வளரத்தான் தெரியும் என்றிருந்தார் டாக்டர். அளவக்கா கட்டிலின் ஓரத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் தையல்காரி ஏதாவது பதில் சொல்லவேண்டி வருமே என்றிருந்தது.

தையல்காரிதான் பேசினாள். "சரியா கலந்தா, அந்தப் பொட்டலம் எத்தனை நாளைக்கா வரும்?"

"மூணரை நாள்கூட வராது."

அவள் விரலை மடக்கி ஏதோ எண்ணிப் பார்த்தாள். "டாக்டர் சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புறேன்னாரு. புதன்கிழமை நீங்க தொறப்பீங்களா?"

"இல்லடி."

"அப்ப இவனுக்கு என்னக்கா குடுக்கறது?"

குழாயில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.