ஓரத்து முகம்

"அம்மா ஏன் ஒரு போட்டோவுலகூட இல்ல? நம்ம மேல கோவமா?"

ஆறு வயதில் குட்டி இப்படிக் கேட்டபோது, அவளுடைய அப்பா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எந்நேரமும் யாராவது எங்காவது மாட்டிக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். சித்திதான் சமாளித்தாள்.

"படம் எடுக்கறவங்க எப்படிடி படத்துக்குள்ள வருவாங்க?"

அது உண்மைதான். குட்டியைப் பெற்றவள் கழுத்தில் எப்போதும் ஒரு பெட்டிக் கேமரா தொங்குமாம். குளியலறையையே இருட்டறையாக்கி, நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் என்லார்ஜர் வைத்து, தானே பிரிண்ட் போடுவாளாம். வீட்டில் இருந்த படங்களிலெல்லாம் குழந்தை, கணவர், கொடியில் காயும் துணி, மழை. அவள் மட்டும் இல்லை. அவள் முகம் என்று மிஞ்சியிருந்தது ஒரு அடையாள அட்டையில். அதிலும் பாதி முகத்தின் மேல் முத்திரை. குட்டிக்கு மூன்று வயது நிறைவதற்குள் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

இரண்டாவதாக இந்த வீட்டுக்கு வந்தவள் வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். குட்டிக்குத் தலை வாரினாள், சாப்பாடு கட்டினாள், ஜுரம் வந்தால் கண் விழித்தாள். குட்டியும் அவளிடம் ஒட்டிக்கொண்டாள். ஆனால் "சித்தி" என்றுதான் கூப்பிட்டாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும், வாய் தவறியாவது ஒருநாள் "அம்மா" என்று வந்துவிடாதா என்று அவள் ஏங்காத நாள் கிடையாது. கடவுளிடம்கூட அதை வெளிப்படையாகக் கேட்டதில்லை. கேட்க ஒரு கூச்சம்.

குட்டிக்கு எட்டு வயதானபோது, பரணில் சித்தி லைனிங் துணி தேடப் போன இடத்தில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே சுருள் சுருளாக நெகட்டிவ். மூன்று விரல் அகலச் சதுரங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றுவிட்டாள். வளைந்துபோன வாசல், சாய்ந்த தரை, நடுவில் ஆள் யாருமேயில்லை. ஆனால் ஒரு மூலையில், விழுந்துவிடுவது போல ஒரு பெண்.

இந்த வீட்டில் அந்த நாளில் வேறு எந்தப் பெண் இருந்தாள்?

பெட்டியை மூடிப் பரணில் ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த முகம் வெளியே வந்துவிட்டால், குட்டியின் நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும் அந்த ஒரு சொல் தனக்கு இனி எப்போதும் வராது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு வாரம் தையல் எங்கெங்கோ ஓடியது. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டு, அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மனசு ஒரு பக்கம் சாய்ந்தது. அன்று மாலை கணவரிடம் கேட்டாள்.

"ஏங்க, அந்த என்லார்ஜர் இருக்கா?"

"இருக்கு. லென்ஸ்தான் இல்ல. யாரோ கேட்டாங்கன்னு குடுத்துட்டேன்." அவளைத் திரும்பிப் பார்த்தார். "எதுக்கு?"

"சும்மாதான்."

பழைய கேமராக் கடையில் அவள் கேட்டது "என்லார்ஜர் லென்ஸ் ஒண்ணு" என்று மட்டும். கடைக்காரர் "ஐம்பது மில்லிமீட்டரா?" என்றார். ஒன்றும் தெரியாதவள் என்று காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு "ஆமா" என்றாள். அங்கேதான் தப்பு நடந்தது.

குளியலறை ஜன்னலைக் கறுப்பு லைனிங்கால் மறைத்தாள். மருந்து ஊற்றிய தட்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்று கணவர் கதவுக்கு வெளியே நின்று சொன்னார். "முதல்ல டெவலப்பர். அப்புறம் அந்தப் புளிச்ச வாடை அடிக்கிறது. கடைசியா இன்னொண்ணு, அதுக்கும் ஒரு நாத்தம் உண்டு." சிவப்பு விளக்கில் காகிதத்தில் படம் எழுந்து வந்தபோது, நடுவில் வட்டமாக வாசல் மட்டும் தெரிந்தது. நான்கு மூலையும் வெறும் வெள்ளை. பெண் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

ஈரக் காகிதத்தோடு கடைக்கு ஓடினாள். அவசரத்தில் கழுத்திலிருந்த அளவு டேப்பைக் கழற்ற மறந்துபோனாள்.

கடைக்காரர் படத்தைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். "டைலரா நீங்க? குழந்தைச் சட்டையைப் பெரியவருக்குப் போட்டா கை எங்கம்மா நுழையும்? ஐம்பது சின்ன நெகட்டிவுக்கு. உங்களது பெரிய சதுரம். இது வெளிச்சம் போடற வட்டத்துக்குள்ள உங்க மூலை வராது."

"அப்போ மூலை போச்சாண்ணே?"

"நெகட்டிவுல இருக்கிறது எங்கயும் போகாது." ஐம்பதைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, உள்ளேயிருந்து இரண்டு லென்ஸ்களை எடுத்து வந்தார். "இது எண்பது, உள்ள ஆறு கண்ணாடி, விலை ஜாஸ்தி. இது எழுபத்தஞ்சு, மூணே கண்ணாடி, விலை கம்மி. ரெண்டையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க. பிடிச்சத வெச்சுக்கிட்டு மத்ததக் குடுங்க."

"அட்வான்ஸ் எவ்வளவுண்ணே?"

"உங்க டேப்பை வெச்சுட்டுப் போறீங்களா? வேண்டாம், அப்புறம் ஊர்ல எல்லார் கையும் குட்டையாயிடும். எடுத்துட்டுப் போங்கம்மா."

மலையளவு உதவி எல்லோராலும் முடியாது. நம்பிக் கையில் ஒன்றைக் கொடுத்தனுப்புவது யாராலும் முடியும். அப்படிப்பட்டவர்களை நம் வழியில் நிறுத்தி வைப்பதைத்தான் கடவுள் செய்கிறார் போலும்.

விலை குறைந்ததை முதலில் மாட்டினாள். மூலை வரை வெளிச்சம் விழுந்தது. ஆனால் நடுவில் வாசற்படி கூராக இருக்க, மூலையில் முகம் தண்ணீரில் கரைந்த மாவு போலக் குழைந்திருந்தது. ஆறு கண்ணாடி வைத்ததை மாட்டினாள். முகம் தெளிந்தது. அதன் விலையை நினைத்தாள்; கட்டுப்படியாகாது. கடைக்குப் போன் போட்டாள்.

"மலிவா இருக்கிற லென்ஸ்ல, வளையத்தை மூணு டிக் சத்தம் வர்ற வரைக்கும் திருப்பி, வெளிச்சம் வர்ற ஓட்டையைச் சுருக்கிப் பாத்தீங்களா?" என்றார் கடைக்காரர். "ஊசியில நூல் கோக்கறப்போ கண்ணைச் சுருக்குவீங்கல்ல? அதேதான். ஓரம் தெளியும். ஆனா வெளிச்சம் கொஞ்சமாத்தான் வரும், காகிதத்துக்கு ரொம்ப நேரம் காட்டணும். பொறுமை இருக்கா?"

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறவகிட்ட இதைக் கேக்கறீங்களே!"

மூன்று டிக். வெளிச்சம் மங்கி மூலை இறுகியது. காகிதத்தை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீணான காகிதங்கள் வாளியில் சேர்ந்தன. கடைசியில் தட்டில், ஒரு பெண் மெல்ல வந்தாள். கன்னத்தில் விழுந்த முடி. முன்னால் நீட்டிய இரண்டு கைகள். பாதி திட்டு, பாதி சிரிப்பு. குட்டியின் தாடை அப்படியே அங்கே இருந்தது.

அதைப் பார்த்ததும் சித்திக்குப் பொறாமை வரவில்லை. வரும் என்று பயந்ததுதான் வீண்.

கொடியில் சொட்டிக்கொண்டிருந்த படத்தின் கீழே குட்டி வெகுநேரம் நின்றாள். அவளுடைய அப்பா வந்து பின்னால் நின்றார்.

"கேமராவை ஸ்டூல்ல வெச்சிருந்தா. நீ தத்தித் தத்திப் போய் அமுக்கிட்ட. தடுக்க ஓடி வர்றா பாரு." படத்தின் ஓரத்தில் சொட்டிய நீரை விரலால் துடைத்தார். "பிலிம் வீணாப்போச்சுன்னு நான் வேற கத்தினேன்."

"அப்போ இது நான் எடுத்ததா?"

"நீதான்."

குட்டி யோசித்தாள். "அப்போ அம்மா என்னைத்தான் பாக்கறாங்க."

அன்று முழுக்க "அம்மா", "அம்மா" என்று அந்தப் படத்தோடுதான் பேச்சு. அடுப்படியில் நின்றவளின் காதில் ஒவ்வொரு தடவையும் அது விழுந்தது. தனக்கு வரும் என்று காத்திருந்த சொல், அதற்கு உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நெஞ்சு வலித்தது, வலியோடு ஒரு நிம்மதியும் இருந்தது. "சித்தி, பசிக்குது" என்று குட்டி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டபோது, தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

மறுநாள் குட்டி பள்ளிக்கூடத்துக்கும் அவர் வேலைக்கும் போன பிறகு, நெகட்டிவை எடுத்து வைக்கக் குளியலறைக்குப் போனாள். எடுக்கும் முன் என்லார்ஜர் விளக்கை ஒருமுறை போட்டாள். காகிதம் வைக்கவில்லை. வெறும் பலகையில் முகம் விழுந்தது. நெகட்டிவ் ஆனதால் முடியெல்லாம் வெள்ளை. இருந்திருந்தால் ஒருநாள் நரைத்திருக்க வேண்டிய தலை.

ஒருத்தி பெற்ற பிள்ளையைக் கையில் வாங்கியவள், இத்தனை வருஷமாக அவளுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. வளர்த்தால் போதும் என்று நினைத்திருந்தாள். இப்போது குனிந்து, பலகைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"நல்லா சாப்பிடறாக்கா. கணக்குதான் கொஞ்சம் இடிக்குது. முன்பல்லு விழுந்து முளைச்சிடுச்சு, லேசா கோணல். இருட்டுன்னா பயம், கையைப் பிடிச்சாத்தான் தூங்குவா, நான் பிடிச்சுக்கறேன். பொய் சொல்லத் தெரியல, சொன்னா காது சிவந்துடும். போன மாசம் ஜுரம் வந்துச்சு, சரியாயிடுச்சு. உங்களைத்தான் அம்மான்னு கூப்பிடறா..."

ஒன்றும் விட்டுப்போகாமல், தெரிந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் விளக்கை அணைத்தாள்.