பருவம் தப்பி உதிர்ந்த கொம்பு

மிருகக்காட்சி சாலையில் மான்களைக் கவனித்துக்கொண்டவரை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. இருபது வருடமாக மான்களோடுதான் பிழைப்பு.

ஒரு முறை பல்வலி என்று சொல்லி இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். உண்மையில் அவருக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். ஆண் ஹார்மோனைத் தின்றுதான் அது வளரும், அதனால் ஹார்மோனையே நிறுத்திவிடுவோம் என்று மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டார்கள். ஊசி ஆரம்பித்ததிலிருந்து நின்ற இடத்தில் முகம் திகுதிகுவென்று எரியும், சட்டை நனைந்துவிடும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கண் கலங்கியது. மனைவியைத் தவிர யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. அவளிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

விடுப்பு முடிந்து திரும்பி வந்தபோது மிருகக்காட்சி சாலையே பரபரத்துக் கிடந்தது. கூட்டத்தில் பெரிய ஆண் மான், தளபதி என்று அழைக்கப்பட்டது, பெருக்கப் போனவரின் தொடையைக் கொம்பால் கிழித்திருந்தது. இணை சேரும் பருவம் அது. ஆண் மான்கள் நிழலைக் கண்டாலும் முட்டும். இனி இப்படி நடக்கவே கூடாது என்று மேலாளர் குதித்தாராம். கால்நடை மருத்துவர் தளபதிக்கு ஓர் ஊசி போட்டுவிட்டார்.

"என்ன ஊசி டாக்டரம்மா?" என்று கேட்டார் மீசை.

"ஆண் ஹார்மோனை நிறுத்தற ஊசி அண்ணே. இனிமே முட்டாது."

"கொம்பு?"

கேட்டாரே தவிர, மீசைக்கே பதில் தெரியும். வருடா வருடம் பார்க்கிறாரே. பகல் நீளும்போது மொட்டு விடும் கொம்பு, ரத்தம் ஓடும் மெத்தென்ற தோலுக்குள் வளரும். பகல் குறையத் தொடங்கினால் ஆண் ஹார்மோன் ஏறும். உள்ளே எலும்பு இறுகும். தோல் காய்ந்து, மரத்தில் தேய்த்து உரித்துப் போடும். பருவம் முடிந்து ஹார்மோன் இறங்கினால் கொம்பும் தானாக விழும். கொம்பைத் தலையில் பிடித்து வைத்திருப்பதே அந்த ஹார்மோன்தான்.

நாலாவது வாரம் தளபதியின் கொம்பு ஒன்று தண்ணீர்த் தொட்டியருகே கிடந்தது. மறுநாள் காலை மற்றொன்று. வேறெந்த மானுக்கும் விழவில்லை. நேற்றுவரை ஒதுங்கி வழிவிட்ட இளம் ஆண் மான்களுக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. தீவனத்திலிருந்து நெட்டித் தள்ளின. தளபதி பழைய நினைப்பில் தலையைக் குனிந்து எதிர்த்து நின்றது. அந்தத் தலையில் இருந்ததோ இரண்டு பச்சைப் புண்கள். ஒரு குத்து விலாவில் இறங்கியது. தனியாக உள்ளே போகக் கூடாது என்ற விதியைக் காற்றில் விட்டுவிட்டு, ஒரு பலகையைக் குறுக்கே பிடித்தபடி மீசை உள்ளே புகுந்து அதைப் பக்கத்துக் கொட்டிலுக்கு ஓட்டி வந்தார்.

மயக்க மருந்து கொடுத்து டாக்டரம்மா தையல் போட்டாள். மீசை தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"என் தப்புதான் அண்ணே. பருவம் முடியற வரைக்கும் தனியா அடைச்சிருக்கலாம். இறுகின கொம்பு செத்த எலும்புதான், அறுத்திருந்தாலும் வலிச்சிருக்காது. எனக்குத் தோணாம இல்ல. மேலாளர் பக்கத்துலயே நின்னு அவசரப்படுத்திட்டிருந்தார்."

மீசைக்கு முகம் எரியத் தொடங்கியது. வியர்வை மானின் நெற்றியில் சொட்டியது.

"எனக்கும் அந்த ஊசிதாம்மா போடுறாங்க," என்றார்.

அவள் கை நின்றது. எதற்கு என்று கேட்டாள். சொன்னார். எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"மருந்து வேற அண்ணே, வேலை ஒண்ணுதான். ஆனா உங்களுக்குப் போடறது உங்க உயிருக்காக. இதுக்குப் போட்டது எங்க வசதிக்காக."

அது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. தளபதிக்கு இரண்டாவது ஊசி போட மாட்டேன் என்று அன்றே அவள் எழுதிக் கொடுத்தாள். மறுபடி ஏதாவது நடந்தால் பொறுப்பு உங்களுடையது என்று மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதற்கும் கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் போட்ட மருந்தின் வீரியம் சொன்ன நாளில் குறையவில்லை. அடுத்த வருடம் தளபதிக்கு முளைத்த கொம்பு கோணலாக இருந்தது. மற்றவை தோல் உரித்து முட்டத் தொடங்கிய பிறகும் அதனுடையது இறுகாமல் மெத்தென்றே நின்றது. ஈ மொய்த்தது. எங்கே பட்டாலும் ரத்தம். மீசை தினமும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மருந்து தெளித்தார். குளிர் வந்ததும் அதைத் தாங்காமல் நுனிகள் கறுத்துச் செத்தன; அழுகல் கீழே இறங்குவதற்குள் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாள். அடுத்த வருடமாவது ஒழுங்காக வருமா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள், பொய் சொல்லாததற்காக அவர் அவளை மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

உயிருள்ள கொம்பு என்பதால் ரத்தம் நிறையவே போனது. கட்டுப்போட்டுவிட்டு அவள் கை கழுவப் போனாள். மயக்கம் தெளிந்தும் மான் எழுந்திருக்கவில்லை. முன்னங்காலை ஊன்றும், சரியும். மீசை வைக்கோலில் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டு மணி அடித்தும் போகவில்லை. நாலாவது முயற்சியில் அது எழுந்து, கட்டுப்போட்ட தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு, தள்ளாடி நடந்துபோய்த் தண்ணீரில் வாய் வைத்தது.