பிலாத்து கோர்ட்டில் நான் கண்ட குறைகள்

சேனாதிபதிக்குத் தெரியாத சட்டமே கிடையாது என்று கொடைக்கானல் கடைத்தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவன் அந்தச் சேனாதிபதியேதான், அதாவது நான். சப்-மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காகப் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவன். சாட்சி சொல்வதை எழுதுவது என் வேலை. மாஜிஸ்டிரேட்டுகள் வருவார்கள், போவார்கள். நான் இல்லாவிட்டால் நீதியே நின்றுபோகும் என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தேன்.

என் பேச்சை நம்பி ஏமாந்தவர் ஃபாதர் ஞானாதிக்கம். செண்பகனூர்ப் பக்கம் இருந்தார், சரித்திரம் படித்தவர். ஏசுநாதரை ரோமாபுரி அதிகாரி பிலாத்து விசாரித்ததாக வேதத்தில் இருக்கிறதே, அது உண்மையிலேயே அப்படி நடந்திருக்கக் கூடியதா என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, அந்தப் பகுதிகளை வாசித்துக் காட்டினார்.

"நீங்க கோர்ட் ஆளு. இப்படி நடந்திருக்குமா, சொல்லுங்க" என்றார்.

விடுவேனா? "விடியக்காலம் விசாரிச்சாருன்னு இருக்கே, அவ்வளவு வெள்ளனே எந்திரிச்சு எவனுங்க கோர்ட் நடத்துவான்? டவாலி சேவகன் வர்றதே பத்து மணிக்கு. அது கெடக்கட்டும் ஃபாதர். 'இவன்கிட்ட நான் ஒரு குத்தமும் காணலை'ன்னு நீதிபதியே சொல்றாரு. சொல்லிப்புட்டு அவரே தண்டனையும் குடுக்குறாரு! வெளிய நாலு பேரு கூச்சல் போட்டா தீர்ப்பு மாறிருமா? நான் பெஞ்சுல ஒக்காந்திருந்தா விட்டிருப்பனா?"

கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை. 'நீதிமன்ற அனுபவஸ்தர் திரு. சேனாதிபதி' என்று கட்டுரையில் என் பேரைப் போடுவதாகச் சொன்னார். வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்கு முந்தின வாரம் நான் ஒரு கிறுக்குத்தனம் பண்ணியிருந்தேன். ஹெட் கிளார்க் பதவி எனக்கு வருமா என்று பெரியகுளத்தில் ஒரு சோசியரைக் கேட்க வேண்டும். லீவு கிடைக்காது. 'கடும் காய்ச்சல், படுத்த படுக்கை' என்று சர்டிபிகேட் வாங்கி அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேருக்கு என் மூஞ்சி தெரியும். ஆகவே வெள்ளகவி என்கிற மலைக்கிராமம் வழியாக ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். சோசியருக்குக் காணிக்கையாக ஒரு தகரப் பெட்டி நிறையப் பேரிக்காய். அதைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனவன் வெள்ளகவி மலைச்சாமி. நூறு கெஜம் பின்னால், உச்சி முதல் பாதம் வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரடி மாதிரி நான். "எவன் கேட்டாலும் எம் பேரு ஒன் வாயில வரப்படாது" என்று பழநியாண்டவர் மேல் அவனிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தேன். பதவி கட்டாயம் உண்டு என்றார் சோசியர். பேரிக்காயை நன்றாகச் சாப்பிட்டார்.

அதே நாள் காலையில் ஒரு பங்களாவில் வெள்ளிச் சாமான்கள் களவு போயிருக்கின்றன. மலைச்சாமி பெட்டியோடு பாதையில் இறங்கியதைப் பக்கத்து பங்களா வாட்ச்மேன் பொன்னுவேல் பார்த்திருக்கிறான். பின்னால் போன கரடியைப் பார்க்கவில்லை.

ஃபாதரிடம் அளந்துவிட்டு வந்த மறுநாள், திங்கட்கிழமை, கூண்டில் மலைச்சாமி நின்றான். கேஸ் கட்டைப் பிரித்துப் படித்ததும் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. அவன்மேல் இருந்த ஒரே சாட்சியம் அந்தப் பெட்டி. நான் வாயைத் திறந்தால் அவன் வீட்டுக்குப் போகலாம். பொய் சர்டிபிகேட் கொடுத்ததற்காக நானும் வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம்.

பங்களாக்காரரின் ஆட்களும் கடைக்காரர்களும் வெளியே திரண்டு, களவாணிப் பயல்களை விடக்கூடாது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாஜிஸ்டிரேட் என் பக்கம் குனிந்து, "என்னய்யா, கேஸ்ல ஒண்ணுமே இல்லையே" என்று முணுமுணுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிறகு அவர் மலைச்சாமியிடம், "அந்தப் பெட்டி யாருதுப்பா? பேரை மட்டும் சொல்லு, இப்பவே விட்டுர்றேன்" என்றார்.

மலைச்சாமி என்னைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நான் பேனா முனையைத் துடைத்தேன். பிறகு அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லேன்யா! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று அவன் பெண்டாட்டி கருப்பம்மாள் கதறினாள். டவாலி சேவகன் அவளை அதட்டினான்.

"களவுப் பெட்டி இல்லேன்னா சொல்லியிருப்பானே" என்று மாஜிஸ்டிரேட் பெருமூச்சு விட்டார். மூன்று மாசம் போட்டார். 'குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்லவில்லை' என்று என்னுடைய முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

வராந்தாவில், போலீஸ்காரர் பீடி பற்றவைக்கிற நேரம் பார்த்து அவனிடம் போனேன். "ஏலே, உசுருக்கு ஆபத்துன்னா சத்தியத்த மீறலாம்லே. சாமி கோவிச்சுக்காது" என்றேன். வெட்கங்கெட்டவன், அதையும் சொன்னேன்.

"சத்தியம் பண்ணுனது நாந்தானுங்க. நீங்க பண்ணலியே" என்றான் மலைச்சாமி. "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேனுங்க."

குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேலி பண்ணியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். அவன் நிஜமாகவே எதிர்பார்த்து நின்றிருக்கிறான். அதற்குள் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். போய் உட்கார்ந்து எழுதினேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் ஞானாதிக்கம் காப்பியோடு காத்திருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு சந்தேகங்க" என்றார். "ஏசு பதிலே பேசாம நின்னாரு, பிலாத்துவே ஆச்சரியப்பட்டுப் போனாருன்னு எழுதியிருக்கு. ஒரு வார்த்தை சொன்னா தப்பிச்சுக்கலாம், ஆனா சொல்லாம நிக்கிறது. நடக்குற காரியமா? ஒங்க பதினெட்டு வருஷத்துல அப்படி ஒரு மனுசனப் பாத்திருக்கீங்களா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஃபாதர் நல்லவர், மாஜிஸ்டிரேட்டுக்கும் வேண்டியவர். இந்த அறையில் நான் உண்மையைச் சொன்னால் இரண்டே நாளில் மலைச்சாமி வெள்ளகவியில் இருப்பான்.

"இல்லீங்க ஃபாதர்" என்றேன். "அப்படி ஒருத்தனையும் பாத்ததில்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டி, சரிதானே என்று கேட்டார். சரி என்றேன். அடியில் கையெழுத்துக் கேட்டார், போட்டுக் கொடுத்தேன்.