மாரா மரத்தின் அடியில்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட துணிக்கடை வைத்திருக்கும் அஹ்னாப், கடைக்கு முன்னால் நிற்கும் கொட்டம்பா என்ற நாட்டு வாதுமை மரத்தை வெட்டச் சொல்லி நகரசபைக்கு மனுக் கொடுத்திருந்தார். பார்க்க வந்தவர் மரப் பரிசோதகர் சந்திரகுமார்.

"இலை எல்லாம் கொட்டிட்டு. காளானும் முளைச்சிருக்கு. செத்த மரம்தானே இது?" என்றார் அஹ்னாப்.

சந்திரகுமார் ஏணி வைத்து ஏறினார். ஒடிந்த கிளையின் காய்ந்த முனையில் மட்டும், காகிதம் போல மெல்லிய காளான்கள் வளையம் வளையமாக நிறம் மாறி ஒட்டியிருந்தன. பட்டையைக் கீறினார், உள்ளே பச்சை.

"இது காஞ்ச கட்டையத்தான் தின்னும். மரம் நல்லா இருக்குங்க. மறுபடி தளிர்க்கும்."

அஹ்னாபுக்கு அது பிடிக்கவில்லை.

சந்திரகுமார் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் வந்தபோதுதான், பஸ் நிறுத்தத்தில் குடைபோல் விரிந்து நின்ற மாரா மரத்தைக் கவனித்தார். உச்சிவரை பச்சை. அடியில் கமலம் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மஹய்யாவையில் அவர் வீட்டுக்கு அடுத்த சந்துக்காரி. அவள் முதுகுக்குப் பின்னால், வேரை ஒட்டி, தட்டு அகலத்தில் கட்டைபோலக் கெட்டியான ஒரு காளான். மேலே கொக்கோத் தூள் போலப் பழுப்புப் பொடி. அடிப்பக்கம் வெள்ளை. நகத்தால் கீறினார், கோடு பழுப்பாக மாறியது. மரச் சுத்தியலால் தண்டைத் தட்டினார். வெற்றுப் பெட்டியைத் தட்டினாற்போல் கேட்டது.

"இந்தத் தடிச்ச காளான் உசிரோட நிக்கிற மரத்தையே உள்ளுக்குள்ள தின்னுடும். இந்த மரத்த வெட்டணும்க்கா."

"பச்சையா நிக்கிற மரத்தயா? பதினஞ்சு வருஷமா இங்கதான் உக்காந்திருக்கேன். என் பொழப்புல ஏன் தம்பி கை வைக்கிறீங்க?"

கிளைகளை மட்டும் கழித்தால் போதும் என்று எழுதலாமா என ஒரு கணம் யோசித்தார். மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆட்களைப் பார்த்தார். வெட்டவேண்டும் என்றே எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மரம் சாய்ந்தது. சுற்றிலும் நான்கு அங்குலம்தான் நல்ல மரம். உள்ளே வெள்ளையாக, ஈரப் பஞ்சுபோல் உளுத்திருந்தது. கமலம் அதை விரலால் அழுத்திப் பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் முனைக்குப் போய், வெயிலில் குடை விரித்து உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் சந்திரகுமாரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்காம் வாரம் அவளாகவே கூப்பிட்டாள்.

"எங்க வீட்டுப் பின்னால பலாமரத்துல என்னமோ முளைச்சிருக்கு தம்பி. வந்து பாக்குறீங்களா?"

"மெல்லிசா, தடிப்பா?"

"தடிப்பு."

"இன்னிக்கே வர்றேங்க்கா" என்றார்.