பஸ் மறையும் வரை

எங்கள் கேளிக்கைப் பூங்காவைக் கட்டி நடத்த அமெரிக்காவிலிருந்து வந்தவர் ஹால்ஸ்டெட். டோக்கியோ கடலோரத்தில் மண் கொட்டி மேடாக்கிய இடத்தில், அவர்கள் ஊரில் இருப்பதை அச்சுப் பிசகாமல் எழுப்பினார். கோட்டை, ராட்டினம், பேண்டு வாத்தியம் எல்லாம் அவர்களுடையது. வழியனுப்புவது மட்டும் எங்களுடையது.

வந்தவர்கள் பஸ் ஏறினால், அது கண்ணுக்கு மறையும் வரை வாசலில் நின்று கையசைப்போம். வீட்டுக்கு வந்த விருந்தாளியை அப்படித்தானே அனுப்புவோம்? ஹால்ஸ்டெட்டுக்கு அது வெட்டி வேலை. பஸ் நகர்ந்ததும் எல்லோரும் பூங்காவுக்குள் தினமும் சாயங்காலம் நடக்கும் ஊர்வல வேலைக்கு உள்ளே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வாசல் பொறுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார். திறப்பு விழா அன்றிலிருந்து அந்த வாசலை நடத்துகிறவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் சாயங்காலம் நீகாதாவிலிருந்து வந்திருந்த முதியோர் சங்கத்தின் பஸ் கிளம்பியது. கையசைத்தோம். கொஞ்ச தூரம் போனதும் அது நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஜன்னலில் அவர்கள் கையசைக்கும்போது நாங்கள் எப்படி நிறுத்துவது? நாங்கள் நிறுத்தாதபோது அவர்கள்தான் எப்படி நிறுத்துவார்கள்? தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. உள்ளே ஊர்வல வாத்தியம் தொடங்கிவிட்டது.

"குவாபாரா-சான், கை மாத்திக்கலாமா?" என்று என்னைக் கேட்டான் பக்கத்தில் நின்ற வாசல் ஊழியன் இசோகாய்.

"மாத்திக்கோ. மூஞ்சிய மட்டும் தொங்கப் போட்டுடாத."

ஒருவர்கூட நகரவில்லை. என் ஆட்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹால்ஸ்டெட் விறுவிறுவென்று வந்தார். உள்ளே போகச் சொன்னார். நான் கையை இறக்காமலே பதில் சொன்னேன்.

"விருந்தாளிங்க இன்னும் கண்ணுல தெரியறாங்க சார். நான் வர மாட்டேன். வாசல யாருக்கு வேணும்னாலும் குடுத்துக்கங்க."

அவர் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். கடைசி ஜன்னலில் இருந்த ஒரு கிழவர், இந்த நெட்டை மனிதரைக் கண்டதும் எழுந்து குனிந்து வணங்கி, அவருக்கென்று தனியாகக் கையசைத்தார். ஹால்ஸ்டெட்டின் கை தானாக மேலே போனது. போன கையை இறக்க முடியவில்லை. கிழவர் விடுவதாக இல்லை.

ஒருவழியாக நெரிசல் விலகியது. பஸ் நகர்ந்து கடல் தடுப்புச் சுவருக்கு அப்பால் மறைந்தது. எல்லோரும் கையைத் தொங்கப் போட்டோம்.

"முடிஞ்சுது சார். கைய இறக்கலாம்" என்றேன்.

அவர் இறக்கவில்லை. எங்கள் எல்லோரையும்விட ஒரு முழம் உயரம் அவர்.

"இருங்க" என்றார். "எனக்கு இன்னும் தெரியுது."

நாங்கள் மறுபடியும் கையைத் தூக்கினோம்.