லிண்டனாவின் வெள்ளை வட்டம்

சுஜானியின் கைதான் அதைச் செய்தது. புத்திக்கு அது பிறகுதான் தெரிந்தது. ஆனால், "நான் செய்யவில்லை, என் கை செய்தது" என்று சொன்னால் எந்த நாட்டில் கேட்பார்கள்? அதிலும் ஜெர்மனியில்!

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணி. ஹம்பேர்க்கில், பழைய புகைப்படங்களைச் சேர்த்துவைக்கும் ஒரு காப்பகத்தின் கீழ்த்தளம். வெளிச்சப் பெட்டியின் மேல் ஒரு கண்ணாடி நெகட்டிவ் கிடந்தது. அதற்கு முன்னால் நின்ற சுஜானியின் விரலிடுக்கில் ஈரப் பஞ்சு. பஞ்சு சிவந்திருந்தது.

அன்று காலை வேலைக்குப் புறப்படுமுன் அவள் இன்னொரு கண்ணாடியைத் துடைத்திருந்தாள். அறைச் சுவரில் இருக்கும் அப்பாவின் படம். போன வெள்ளி வைத்த குங்குமப் பொட்டை ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்துவிட்டுப் புதுப் பொட்டு வைப்பாள். அப்பா செத்துப் பதினொரு வருடம். பதினொரு வருட வெள்ளிக்கிழமைகள். வட்டமாகச் சிவப்பு, கீழே கண்ணாடி, கையில் பஞ்சு என்றால் விரல் தானாக ஓடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நாலு மணி நேரம் கழித்துக் காப்பகத்தின் மேசையில் அதே வட்டம், அதே சிவப்பு, அதே பஞ்சு. ஓர் இழுப்பு. பொட்டுப் போய்விட்டது.

அது பொட்டு அல்ல என்பதுதான் கஷ்டம்.

அந்தக் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தவர் மார்த்தா லிண்டனாவ். ஹம்பேர்க்கின் அல்டோனாப் பகுதியில் கயிறு திரித்து விற்றவரின் மகள், 1899இல் பிறந்தவர். மற்றவர்கள் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலையும் சூரியனையும் படம் எடுத்த காலத்தில், இந்த அம்மையார் கயிற்று முடிச்சையும் பாரந்தூக்கியின் பல்சக்கரத்தையும் அடுக்கிவைத்த கோப்பைகளின் நிழலையும் எடுத்தார். ஆளைப் படம் எடுத்தால் பிடரியை எடுத்தார். உலகத்தை நேருக்கு நேர் பார்ப்பது அவருக்குச் சரிப்படவில்லை போலும். ஒன்றில் மேலிருந்து பார்த்தார், இல்லாவிட்டால் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தார். நவீனப் புகைப்படம் என்றால் இதுதான் என்று பிறகு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அவர் எடுத்ததில் மிகப் பேர்போனது 'படிக்கட்டு, 1931'. ஒரு பண்டகசாலையின் ஆறாம் மாடியிலிருந்து குனிந்து எடுத்த படம். இரும்புப் படிகள் சுழன்று சுழன்று கீழே இறங்கும். தரை இருக்கவேண்டிய இடத்தில் தரை இருக்காது, தூய வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கும். அந்த வெள்ளை வட்டத்தைப் பற்றிப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வெறுமையைக் காட்டத் துணிந்த முதல் கண் என்று ஒருவர் எழுதினார். இன்னும் ஒன்பது நாளில் பெரிய கண்காட்சி. எஸ்-பான் ரயில் நிலையமெல்லாம் அந்த வட்டம்தான் சுவரொட்டியாகத் தொங்கியது.

அந்த வட்டம் எப்படி வந்தது என்பதைத்தான் சுஜானி இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். நெகட்டிவின் கண்ணாடிப் பக்கத்தில் சிவப்பு மையைப் பூசினால் வெளிச்சம் அதைத் தாண்டாது. அச்சில் அந்த இடம் வெள்ளையாக விழும். வேண்டாததை மறைக்க அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான். லிண்டனாவின் மருமகள் வீட்டு நிலவறையிலிருந்து போன மாதம் கிடைத்த கடைசிப் பெட்டியில் 'படிக்கட்டு'ப் படத்தின் இந்த மூலத் தகடு இருந்தது. தூசி துடைத்து, ஸ்கேன் செய்து, கண்காட்சியின் நடு மண்டபத்தில் வைக்கவேண்டும். "எதைத் துடைத்தாலும் சிவப்பைத் தொடாதீர்கள்" என்று காப்பகத்தின் தலைவி ஃப்ராவ் ஆலர்ஸ் முதல்நாளே சொல்லியிருந்தார். சுஜானி தலையாட்டியிருந்தாள்.

இனிப் போகப்போவது வெறும் வேலை மட்டுமல்ல. கணவன் சஞ்சயனைவிட்டுப் பிரிந்து வந்தபோது அவளுடைய வதிவிட அனுமதியும் ஆட்டம் கண்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் படித்த இரசாயனப் பட்டம் தந்த இந்த வேலையில்தான் அது இப்போது தொங்கிக்கொண்டிருந்தது. ஆறுமாதத் தற்காலிகத் தவணை இன்றோடு முடிகிறது. இரண்டு மணிக்கு ஃப்ராவ் ஆலர்ஸ் நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். திங்கள் காலை எட்டுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், நேரம் குறித்த சந்திப்பு. அந்தக் கடதாசி இல்லாமல் அங்கே போனால், நாட்டைவிட்டுப் போ என்ற கடிதம் வீடு தேடி வரும். கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, பார்க்காமல் இருக்க முடியாமல், தகட்டைப் பார்த்தாள்.

சிவப்புப் போன இடத்தில் தரை இருந்தது. தரையில் யாரோ நின்றார்கள். கைப்பேசியில் நிறத்தைத் திருப்பிக் காட்டும் வசதியைத் தட்டிப் பெரிதாக்கினாள். படிக்கட்டின் அடியில் ஒரு பெண் அண்ணாந்து நின்றாள். ஒரு கையில் வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்திருந்தாள், வெளிச்சம் பார்க்க மேலே நிற்பவருக்கு உதவுகிறாற்போல. வாய் திறந்திருந்தது. சிரித்துக்கொண்டே எதையோ கூப்பிட்டுச் சொல்கிறாள். அவள் பார்ப்பது கமராவை அல்ல, கமராவுக்குப் பின்னால் நிற்பவரை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தப் பார்வை நேராகச் சுஜானியின் முகத்தில் வந்து விழுந்தது. சுஜானி பயத்தில் கைப்பேசியைக் கவிழ்த்துவைத்தாள்.

"என்ன பிள்ளை, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்?"

தபோதரன் ஏணியோடு வந்திருந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் அவர்தான். மின்விளக்கு மாற்றுவார், கதவு பழுது பார்ப்பார், யார் யாரோடு பேசவில்லை என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

"அண்ணை, நான் ஒரு வேலை செய்துபோட்டன்" என்று சுஜானி எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றித் தகட்டைப் பார்த்தார்.

"இது ஸ்டேசன் எல்லாம் ஒட்டியிருக்கிற படமெல்லோ?"

"ஓம்."

"ஆரும் கண்டவையே?"

"இல்லை."

"பிறகென்ன? திருப்பிப் பூசு."

"எதாலை அண்ணை பூசுறது?"

"உன்ரை கைப்பைக்குள்ளை குங்குமம் இல்லையே? தண்ணியிலை குழைச்சுப் பூசு. சிவப்புச் சிவப்புத்தானே."

கேட்கும்போது சிரிப்பு வரவேண்டிய விஷயம். சுஜானிக்கு வரவில்லை. கோயில் குங்குமப் பொட்டலம் கைப்பையில் உண்மையாகவே இருந்தது. மூடியொன்றில் கொட்டினாள், இரண்டு துளி தண்ணீர் விட்டாள், சின்னத் தூரிகையை எடுத்தாள். ஆய்வுகூடத்தில் படித்தவளுக்கு மை எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும் என்று சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் தூரிகையைத் தோய்க்காமலே நின்றாள்.

"பயப்பிடாதை" என்றார் தபோதரன், ஏணியில் ஏறிக்கொண்டே. "நான் இந்த நாட்டுக்கு வந்து நாப்பது வருசம். வாயைத் திறந்து கெட்டவையைக் கண்டிருக்கிறன், மூடிக் கெட்டவையைக் காணேல்லை. எண்பத்தஞ்சிலை என்ரை அகதி விசாரணையிலை கேட்டவங்கள், சகோதரங்கள் எத்தினை பேர் எண்டு. மூத்த தமையன் இயக்கத்துக்குப் போனவர். சொன்னால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம். ஒரு தங்கச்சி மட்டும்தான் எண்டு எழுதிக் குடுத்தன். என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லை. பாஸ்போட்டும் கிடைச்சுது."

"தமையன் இப்ப எங்கை?"

"எண்பத்தேழிலை செத்துப்போனார்." பழைய விளக்கைக் கழற்றி மேற்சட்டைப் பைக்குள் வைத்தார். "அப்ப ஒரு ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவினனான். துக்கத்துக்கு ஒரு நாள் லீவு கேக்கேலாமல் போச்சு. இல்லாத ஆளுக்கு என்னெண்டு லீவு கேக்கிறது?"

அவர் அதை ஒரு பகிடி மாதிரித்தான் சொன்னார். புது விளக்கு எரிந்தது. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, "நீ பூசு, நான் வாசலைப் பாக்கிறன்" என்று வெளியே போய்விட்டார்.

தூரிகையின் நுனி அந்தப் பெண்ணின் திறந்த வாய்க்கு ஒரு நெல்லளவு மேலே நின்றது. ஒரு தொடுகை போதும். சுஜானி மனதுக்குள் மூன்றுவரை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். கை இறங்க மறுத்தது. காலையில் கேளாமல் ஓடிய அதே கை! அவளுக்கு அழுகை வந்தது. தன்மேல் கோபமும் வந்தது, கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அவள்மேலும் வந்தது. நீ ஏனம்மா அங்கே போய் நின்றாய் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கடைசியில் தூரிகையைக் கழுவி வைத்தாள். தகட்டை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு மாடிக்கு ஏறினாள். ஒவ்வொரு படியிலும் திரும்பி ஓடிவிடலாம் என்று நினைத்தாள்.

ஃப்ராவ் ஆலர்ஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரோசா வைன்பெர்க்" என்றார் மெதுவாக.

"யார் அது?"

"ஏழு வருடம் லிண்டனாவோடு ஒரே ஸ்டூடியோவில் வேலை செய்தவர். யூதப் பெண். 1941இல் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. போர் முடிந்தபின் ரோசாவின் தங்கை எழுதிக் கேட்டபோது, அப்படி ஒருவரைத் தெரியாது என்று லிண்டனாவ் பதில் போட்டார். இரண்டு கடிதமும் இங்கே இருக்கின்றன. ரோசாவின் பழைய படம் ஒன்றும் இருக்கிறது, இதே முகம். இரண்டு பேரையும் ஓரிடத்தில் காட்டும் சாட்சி மட்டும் கிடைக்கவில்லை."

இப்போது கிடைத்துவிட்டது, என்னை மன்னித்துவிடுவார் என்று ஒரு கணம் சுஜானிக்கு நெஞ்சு இலேசானது. அந்தக் கணம் நீடிக்கவில்லை. ஃப்ராவ் ஆலர்ஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பிவந்து உட்காருமுன், கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தார். அப்படியானால் பயம் இந்த அறையில் இருவருக்கும் பொது.

"ஒன்பது நாள்தான் இருக்கிறது. 'நான் எப்போதும் தனியாகவே வேலை செய்தேன்' என்ற லிண்டனாவின் வாசகத்தை மண்டபச் சுவரில் மூன்று மீற்றர் நீளத்துக்கு எழுதியாகிவிட்டது. அவர் குடும்பத்தார் இதைக் கேள்விப்பட்டால் எல்லாத் தகடுகளையும் திருப்பிக் கேட்பார்கள். பிறகு பார்ப்போம், அடுத்த வருடம் ஒரு கட்டுரையாக எழுதலாம். நான் ரோசாவை மறைக்கச் சொல்லவில்லை, பொறுக்கத்தான் சொல்கிறேன். உங்கள் அறிக்கையில், தகடு உடைந்த நிலையில் வந்தது, துடைக்கவில்லை, ஸ்கேன் செய்யவில்லை என்று எழுதுங்கள். அதைக் கண்டதும் உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறேன். திங்கட்கிழமை உங்களுக்கு டெர்மின் இருக்கிறதல்லவா?"

கெட்ட மனுசி அல்ல. அந்த டெர்மினை ஞாபகம் வைத்திருந்தவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

சுஜானி கீழே வந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மணி ஒன்று நாற்பது. 'படிக்கட்டு, 1931' என்ற பதிவைத் திறந்தாள். பத்து வருடத்துக்கு முன்பு யாரோ அச்சுப் படத்தைப் பார்த்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தார்கள். இடம், ஆண்டு, அளவு. படத்தில் உள்ள மனிதர்கள் என்ற கட்டத்தில் பூச்சியம் இருந்தது. பதிவை அனுப்பினால் அந்த நிமிடமே பான் நகரத்தில் பழைய படங்களைப் பட்டியலிடுபவர்களுக்கும் மற்ற ஆறு காப்பகங்களுக்கும் போய்விடும். திருப்பி எடுக்க ஏலாது.

உடைந்த நிலையில் வந்தது என்று தட்டினாள். வாசித்தாள். ஒரு வசனம்தான். ஒருவருக்கும் நோகாது. செத்தவளுக்கு இனி நோக என்ன இருக்கிறது? தனக்கு நோகும், நிச்சயமாக நோகும். திங்கட்கிழமை எட்டு மணிக்கே நோகும். வெறுங்கையோடு அந்த அலுவலக வாங்கில் தான் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

பிறகு அந்த வசனத்தை எழுத்து எழுத்தாக அழித்தாள். சிவப்பு மை துடைக்கப்பட்டது என்று எழுதினாள். துடைத்தவர் யார் என்ற இடத்தில் தன் முழுப்பெயரை, கடவுச்சீட்டில் உள்ளபடி போட்டாள். பூச்சியத்தை அழித்து ஒன்று என்று போட்டாள். பெயர் என்ற கட்டத்தில் ரோசா வைன்பெர்க். யோசித்தால் பயம் வென்றுவிடும் என்று தெரிந்ததால், யோசிக்காமல் அனுப்பினாள்.

மூன்று நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேசைத் தொலைபேசி அலறியது. சின்னத் திரையில் ஆலர்ஸ் என்று இருந்தது. அது நாலாவது தடவை அலறியபோதுதான் சுஜானி எடுத்தாள். ஏழு வருடமாகப் பேசிய ஜெர்மன் முழுவதும் பயத்தில் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது.

"ஓம்" என்றாள் தமிழில். "நான்தான்."